சென்னையில் பன்னாட்டுக் கருத்தரங்கு: அனுமதி, நாள், கட்டுரைகள், ஆய்வுக்கோவை. எதை எப்போது செய்வது?

கேள்வி: எழும்பூர்_ரயில்

அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி. தமிழ், வரலாறு, சமூகவியல் ஆகிய மூன்று துறைகளும் சேர்ந்து 2 நாள் பன்னாட்டுக் கருத்தரங்கு நடத்தத் திட்டம். பொருள் ‘இடப்பெயர்வும் மாறும் பண்பாடும்’. சாதி, பாலினம், நாட்டார் கலைகள், புலம்பெயர் தமிழர் வாழ்வு எல்லாம் இதற்குள் வரும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா நாடுகளிலிருந்து 10 பேர் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் 4 பேர் இணைய வழியில்தான் வருவார்கள்.

இடவசதி: 300 பேர் அமரும் அரங்கம் ஒன்று, புரொஜெக்டர் உள்ள வகுப்பறை இரண்டு, வளாகத்துக்குள்ளேயே விருந்தினர் இல்லம்.

1. வெளிநாட்டவர் வர என்னென்ன அனுமதி, எத்தனை மாதம் முன்பே தொடங்க வேண்டும்?
2. எந்த மாதம் சரி? நிர்வாகம் டிசம்பர் முதல் வாரம் என்கிறது.
3. கட்டுரைகள் எத்தனை ஏற்கலாம்? 200 என்று ஒரு பேச்சு ஓடுகிறது.
4. ஆய்வுக்கோவையை ஐ.எஸ்.பி.என். எண்ணோடு கருத்தரங்கு அன்றே வெளியிட முடியுமா?

பதில் 1: கோப்புக்காரர்

அனுமதியிலிருந்து தொடங்குங்கள். மற்றவை தள்ளிப்போனால் சமாளிக்கலாம். இது தள்ளிப்போனால் விருந்தினர் விமானமே ஏற முடியாது.

வெளிநாட்டவர் நேரில் கலந்துகொள்ள இரண்டு ஒப்புதல் வேண்டும்: உள்துறை அமைச்சகத்தின் நிகழ்வு அனுமதி, வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் ஒப்புதல். இந்த இரண்டின் நகலும் உங்கள் அழைப்புக் கடிதமும் கையில் இருந்தால்தான் அவர்கள் கருத்தரங்கு விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். ‘டூரிஸ்ட் விசாவில் வந்துவிடுங்கள், பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்கிற பழக்கம் நம்மூரில் உண்டு. அதைச் செய்யாதீர்கள். விமான நிலையத்தில் ‘எதற்கு வந்தீர்கள்’ என்று கேட்கும்போது அவர் பெயர் அச்சான அழைப்பிதழ் அவர் பையிலேயே இருக்கும். சிக்கல் வந்தால் மாட்டுவது அவருடைய பாஸ்போர்ட்தான், உங்கள் கல்லூரி அல்ல.

அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் கோப்பு பெரும்பாலும் கல்லூரிக் கல்வி இயக்ககம், உயர்கல்வித் துறை என்று ஏறித்தான் டெல்லிக்குப் போகும். தாமதம் டெல்லியில் ஆவதைவிட இந்தப் படிகளில் ஆவதுதான் அதிகம். நிகழ்வு நாளுக்கு 5 மாதம் முன்பே கோப்பு உங்கள் முதல்வர் மேசையை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும்.

அழைப்புக் கடிதத்தில் தவறக் கூடாதவை: பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், பாஸ்போர்ட் எண், குடியுரிமை, கருத்தரங்கின் தலைப்பு, நாள், இடம், பயணச் செலவும் தங்கும் செலவும் யாருடையது என்ற வரி. தலைப்பு எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். அனுமதிக்கு அனுப்பும்போது ‘இடப்பெயர்வும் மாறும் பண்பாடும்’ என்று போட்டுவிட்டு, பிறகு குழுவில் யாரோ அழகு பார்த்து ‘உலகமயச் சூழலில்’ என்று முன்னால் ஒட்டினால் இரண்டும் வேறு நிகழ்வாகத் தெரியும். தலைப்பை முடிவு செய்துவிட்டுத்தான் கோப்பைத் திறக்க வேண்டும்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்க்காரர்கள் மின்விசாவாகவே கருத்தரங்கு விசா வாங்கலாம். ஒரே ஒருமுறை நுழைவு, 30 நாள். வருகைக்கு 4 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம் என்பது விதி, ஆனால் மூன்று வாரம் முன்பே போடச் சொல்லுங்கள். ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான அட்டை) வைத்திருப்பவருக்கு விசா தேவையில்லை. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், ஈராக், சூடான் நாட்டவருக்கும் நாடற்றோருக்கும் தனியாக உள்துறை ஒப்புதல் வேண்டும். உங்கள் பொருள் இடப்பெயர்வு என்பதால் இதைச் சொல்கிறேன். எங்கோ அகதியாக இருந்து பயண ஆவணம் மட்டும் வைத்திருக்கிற ஒருவரை யாராவது கண்டிப்பாகப் பரிந்துரைப்பார்கள். அவருக்கு இணைய வழி இருக்கையை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

இன்னொன்று, பலரும் மறப்பது. கல்லூரி விருந்தினர் இல்லத்தில் வெளிநாட்டவர் தங்கினால் அவர் விவரத்தை (முன்பு ‘சி’ படிவம் என்றது) 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும். ஹோட்டல்கள் தாமாகவே செய்துவிடும். கல்லூரி விடுதிகளில் அந்தக் கணக்கே திறந்திருக்காது. கடைசி நாளில் திறக்கப் பார்த்தால் முடியாது. வெளிநாட்டவர் பதிவைப் பார்க்கும் சென்னை எஃப்.ஆர்.ஆர்.ஓ. அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹேடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது. ஒரு மாதம் முன்பே விடுதிப் பொறுப்பாளர் பெயரில் கணக்கு ஏற்படுத்திக்கொள்ளுங்கள். சரிப்பட்டு வராவிட்டால் 6 பேரையும் ஹோட்டலில் போடுவதே நிம்மதி.

பதில் 2: தரமணி_வாசகர்

டிசம்பர் முதல் வாரம் வேண்டவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை அப்போது முடிந்திருக்காது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் விமான நிலையம் மூடிக்கிடந்தது, நகரம் முழுக்கத் தண்ணீர். டிசம்பர் பாதிக்கு மேல் போனால் இசை விழாவும் ஆண்டிறுதி விடுமுறையும் சேர்ந்து அறை வாடகை எகிறும். அடுத்து பொங்கல். ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி முடிவு வரைதான் சென்னைக்குச் சரியான காலம். அதிலும் குடியரசு தினத்தை ஒட்டிய இரண்டு நாட்களைத் தவிருங்கள். தேர்தல் அறிவிப்பு வரக்கூடிய ஆண்டு என்றால் அமைச்சரை நம்பி நிகழ்ச்சி நிரல் போடாதீர்கள். நடத்தை விதி அமலுக்கு வந்த அன்றே அந்த நாற்காலி காலி.

கிழமை வியாழன், வெள்ளி. வெளியூர் ஆசிரியர்களுக்கு ஓ.டி. (பணி நிமித்தம் வெளியே போகும் அனுமதி) வேலை நாளில்தான் கிடைக்கும். சனி ஞாயிறு வைத்தால் உள்ளூர்க்காரர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இப்போது 200 கட்டுரை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்களிடம் 3 அறை. ஓர் அமர்வு 90 நிமிடம், 4 கட்டுரை: தலைவர் அறிமுகம் 5 நிமிடம், ஆளுக்கு 15 நிமிடம், மீதி 25 நிமிடம் கேள்விக்கு.

முதல் நாள்: 10 முதல் 11 வரை தொடக்க விழா, 11:15 முதல் 12:15 வரை மையவுரை, சாப்பாடு, 1:15 முதல் 2:45 வரையும் 3 முதல் 4:30 வரையும் அமர்வுகள். தேநீரோடு அரை மணி பறையாட்டமோ கட்டைக்கூத்தின் ஒரு பகுதியோ வைக்கலாம். 5:30க்கு இணைய அமர்வு. இரண்டாம் நாள்: 9:30 முதல் 11, 11:15 முதல் 12:45, சாப்பாட்டுக்குப் பின் 1:45 முதல் 3:15, பிறகு நிறைவு விழா.

மொத்தம் 5 வேளை, 3 அறை, 4 கட்டுரை: 60. இணைய அமர்வில் 4. ஆக 64தான் உங்கள் கொள்ளளவு. 200 பேரை ஏற்றால் ஆளுக்கு 5 நிமிடம்கூட வராது. தலைப்பை வாசித்து, நன்றி சொல்லி, சான்றிதழ் வாங்கிக்கொண்டு போவார்கள். அதற்குக் கனடாவிலிருந்து ஏன் ஆளைக் கூப்பிட வேண்டும்?

இணைய அமர்வை மாலை 5:30க்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. பிப்ரவரியில் அப்போது டொரொன்டோவில் காலை 7 மணி, கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இரவு 8 மணி. யாழ்ப்பாணத்துக்கு நம் நேரமேதான். காலை 10 மணிக்கு வைத்தால் கனடாக்காரர் முந்தின நாள் இரவு 11:30க்குக் கண் விழித்து உட்கார வேண்டும்.

நேரத்தைத் தின்பது தொடக்க விழாதான். தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி, அது ஒன்றுதான் சொன்ன நேரத்தில் முடியும். குத்துவிளக்கு, வரவேற்புரை, 8 பேருக்குப் பொன்னாடை, 8 பேருக்கு நினைவுப் பரிசு, வாழ்த்துரை வழங்க 5 பேர் என்று போனால் 12 மணி. அதன்பின் மையவுரையாளரிடம் ‘ஐயா, கொஞ்சம் சுருக்கமா’ என்று துண்டுச் சீட்டு நீட்டுவார்கள். மேடையில் 5 நாற்காலிக்கு மேல் போடாதீர்கள். பொன்னாடைகளை நிறைவு விழாவுக்குத் தள்ளிவிடலாம்.

தேர்வு முறை: 8 மாதம் முன்பு அழைப்பு, 6 மாதம் முன்பு 300 சொல் ஆய்வுச் சுருக்கத்துக்குக் கடைசி நாள், அடுத்த 4 வாரத்தில் முடிவு. 150 சுருக்கம் வந்தால், ஒவ்வொன்றையும் இருவர் பெயர் மறைத்துப் பார்க்க 300 மதிப்பீடு. 15 பேர் கொண்ட குழு என்றால் ஆளுக்கு 20. இது நடக்கக்கூடிய கணக்கு. குழுவில் 4 பேரை வைத்துக்கொண்டு ‘வல்லுநர் மதிப்பீடு’ என்று அழைப்பில் போடுவது சும்மா பேச்சு. அழைப்பிலும் 80 துணைத் தலைப்பு அடுக்க வேண்டாம். ‘சங்க இலக்கியத்தில் உவமை’ வரைக்கும் எல்லாம் வந்து விழும். 6 தலைப்பு போதும்.

சமூகச் சிக்கல்கள் பற்றிய கருத்தரங்கு என்பதால் ஒரு கூடுதல் வேலை. சாதிக் கொடுமை, பாலியல் வன்முறை பற்றிய கட்டுரைகளின் ஸ்லைடுகளை முன்கூட்டியே ஒருவர் பார்த்தாக வேண்டும். களப்பணிப் படம், ஊர்ப் பெயர், தெருப் பெயர், பாதிக்கப்பட்டவரின் முகம் என்று யோசிக்காமல் போட்டுவிடுவார்கள். குழந்தை தொடர்பான வழக்கு என்றால் அடையாளம் வெளிப்படுவதை போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கிறது. நிகழ்வு யூடியூபில் நேரலை போகிறது என்றால் பொறுப்பு இன்னும் கூடும். ‘தகவலாளியின் ஒப்புதல் பெற்றேன்’ என்று ஒரு வரிச் சான்றை முழுக் கட்டுரையோடு வாங்கிவிடுங்கள்.

பதில் 3: பிழைதிருத்தி

நான்காவது கேள்விக்கு வருகிறேன். அன்றே வெளியிட முடியும். வெளியிடக் கூடாது என்பது என் கட்சி. அரங்கில் கேட்ட கேள்விகளால் ஒரு வரிகூட மாறாத தொகுப்புக்கு அரங்கம் எதற்கு? அன்று ஆய்வுச் சுருக்கங்களை மட்டும் சிறு நூலாகக் கொடுங்கள். முழுக் கட்டுரைகளைத் திருத்தி அனுப்ப 2 மாதம் கொடுத்து, அதில் தேறுகிற 25 அல்லது 30 கட்டுரைகளை நூலாக்குங்கள்.

ஐ.எஸ்.பி.என். பற்றி ஒரு மயக்கம் இருக்கிறது. அது நூலுக்கு அடையாள எண், தரச் சான்று அல்ல. டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையத்தில் விண்ணப்பம் வாங்கிக் கட்டணமில்லாமல் தருகிறது. கல்லூரி பெயரிலேயே பெறலாம். இதற்கென்று யாராவது ‘பதிப்பகக் கட்டணம்’ கேட்டால் அவர் விற்பது வேறு ஏதோ. அதேபோல ‘யு.ஜி.சி. கேர் இதழில் வெளியிடுகிறோம்’ என்று அழைப்பில் போடாதீர்கள். ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் என்ற அந்தப் பட்டியலையே யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) நிறுத்திவிட்டது, 2025 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. இன்னும் பழைய அழைப்பிதழைப் பார்த்து அந்த வரியை அப்படியே நகல் எடுக்கிறார்கள்.

பங்கேற்பாளர் பலர் வருவது ஆசிரியர் பதவி உயர்வுக்கான மதிப்பெண்ணுக்காக என்பதையும் மறைக்க வேண்டாம். யு.ஜி.சி.யின் 2018 விதிமுறை அட்டவணைப்படி வெளிநாட்டில் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்குக்கு 7, உள்நாட்டில் நடப்பதற்கு 5, தேசிய அளவுக்கு 3, மாநில அல்லது பல்கலைக்கழக அளவுக்கு 2. வாசித்த கட்டுரையே தொகுப்பிலும் வந்தால் ஒருமுறைதான் கணக்கில் வரும். இதை அழைப்பிலேயே சொல்லிவிட்டால், ‘தொகுப்பில் போடாவிட்டால் பணத்தைத் திருப்பித் தாருங்கள்’ என்ற சண்டை பாதி குறையும்.

எழுத்துரு. இதில்தான் தமிழ்க் கருத்தரங்குகள் ஒவ்வொரு முறையும் சிக்குகின்றன. யூனிகோடில் மட்டும் என்று அழைப்பில் கொட்டை எழுத்தில் போட்டாலும் பாமினி, வானவில் என்று பழைய எழுத்துருக்களில் வந்து சேரும். பாமினி கோப்பில் ‘தமிழ்’ என்ற சொல்லே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு உள்ள கணினியில் மட்டும் அது தமிழாகத் தெரியும். இதனால் வரும் கேடுகள்:

கருத்துத் திருட்டுச் சோதனை மென்பொருள் அதைப் படிக்காது. ‘ஒற்றுமை 0 விழுக்காடு’ என்று அறிக்கை வந்தால் மகிழ வேண்டாம், அது கட்டுரையையே பார்க்கவில்லை.

என்.எச்.எம். போன்ற மாற்றியில் முழுக் கோப்பையும் போட்டால் தமிழ் சரியாக மாறும், நடுவில் இருக்கிற ஆங்கில நூற்பெயரும் அடிக்குறிப்பும் சேர்ந்து தமிழாகிக் குப்பையாகும். பத்தி பத்தியாக, ஆங்கிலப் பகுதியை ஒதுக்கிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். ஒரு கட்டுரைக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும் வேலை. 60 கட்டுரையில் பாதி இப்படி வந்தால் 30 மணி நேரம்.

பி.டி.எஃப். மட்டும் அனுப்புவோரிடம் வேர்டு கோப்பையும் கேளுங்கள். பி.டி.எஃப்.இலிருந்து நகலெடுத்தால் ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் இடம் மாறி விழும்.

அச்சகத்தில் பக்கம் வடிவமைக்க இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருள்தான் என்றால் யூனிகோடு அங்கே ஏறாது. அவர்கள் திரும்பப் பழைய குறிமுறைக்கு மாற்றுவார்கள், பிழை இரண்டு மடங்காகும். இன்டிசைன் வைத்திருப்பவரைத் தேடுங்கள். அதிலும் இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பியை இயக்கிவிட்டதைச் சரிபாருங்கள், இல்லாவிட்டால் ‘கெ’ என்பதில் கொம்பு பின்னால் நிற்கும்.

பதில் 4: மிக்சர்_மேசை

யாரும் ஒலியைப் பற்றிப் பேசலையே. இணைய அமர்வு சொதப்புவது நெட் வேகத்தால் இல்லை, சவுண்டால்தான்.

அரங்க ஸ்பீக்கரில் வருகிற ஜூம் குரலை அரங்க மைக் மறுபடி பிடித்து ஜூமுக்கே அனுப்பும். பேசுகிறவருக்குத் தன் குரலே ஒரு விநாடி தாமதமாகக் கேட்கும், அவர் திணறி நிறுத்திவிடுவார். சரிசெய்யும் வழி: ஒலி மிக்சரில் மைக்குகளை மட்டும் ஆக்ஸ் (துணை வெளியீடு) வழியாகத் தனியே எடுத்து, யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் மூலம் லேப்டாப்புக்குக் கொடுங்கள். லேப்டாப்பிலிருந்து வரும் ஒலி மிக்சரின் வேறொரு சேனலுக்குப் போகட்டும். அந்தச் சேனலின் ஆக்ஸ் குமிழ் மட்டும் சுழியில் இருக்க வேண்டும். அவ்வளவுதான், எதிரொலி வராது. சவுண்ட் சர்வீஸ்காரரிடம் ‘மிக்ஸ் மைனஸ்’ என்று சொன்னால் புரியாவிட்டால் இப்படி விளக்குங்கள்.

அதே அறையில் மாணவர்கள் போனில் ஜூமைத் திறந்துவைத்திருந்தால் எல்லாம் வீண். ஒரு லேப்டாப் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஆடியோவைத் துண்டிக்கச் சொல்லுங்கள், மியூட் மட்டும் போதாது. இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் அறுந்துவிடும், கட்டணக் கணக்கு எடுங்கள். வெளியிலிருந்து பேசுகிற 4 பேரிடமும் 15 நிமிட வீடியோப் பதிவு ஒன்றை முன்பே வாங்கி வைத்தால், இணைப்பு போனாலும் கட்டுரை ஓடும், கேள்விக்கு மட்டும் போனில் பிடிக்கலாம்.

ஸ்லைடுகளை முந்தின நாள் மாலை 6 மணிக்குள் வாங்கி, மூன்று அறைக் கணினியிலும் ஏற்றி, ஒவ்வொன்றையும் பி.டி.எஃப். ஆகவும் வையுங்கள். மேடையில் பென்டிரைவ் செருக விட்டால் வைரஸும் வரும், கட்டம் கட்டமான எழுத்தும் வரும்.

எழும்பூர்_ரயில்

எல்லோருக்கும் மிக்க நன்றி. 200 என்பதை 64 ஆக்கி இன்றே குழுவில் வைக்கிறேன். பிப்ரவரிக்கு மாற்றுவதும் உறுதி. இன்னும் இரண்டு சந்தேகம். மலேசியாவில் உள்ள ஒரு தமிழ் அமைப்பு நிதி தருவதாகச் சொல்கிறது, வாங்கலாமா? மூன்றாம் நாள் விருந்தினரை எங்கே கூட்டிப்போகலாம்?

கோப்புக்காரர்

நிதி: வெளிநாட்டு அமைப்பு தரும் நன்கொடை எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும். உங்கள் கல்லூரியோ அறக்கட்டளையோ அதில் பதிவு பெற்று, டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கான கணக்கு வைத்திருந்தால்தான் வாங்கலாம். ‘துறைத் தலைவர் கணக்குக்கு அனுப்பிவிடட்டும்’ என்று யாராவது யோசனை சொன்னால் எழுந்து போய்விடுங்கள். பதிவு இல்லையென்றால் வேறு வழி இருக்கிறது: அந்த அமைப்பு தங்கள் நாட்டுப் பேச்சாளர்களின் விமான டிக்கெட்டைத் தாங்களே எடுத்துக் கொடுக்கட்டும், பணம் உங்கள் பக்கம் வரவே வேண்டாம். அழைப்புக் கடிதத்தில் செலவு யாருடையது என்ற வரியில் அதையே எழுதுங்கள்.

வெளிநாட்டவர் கட்டும் பதிவுக் கட்டணம் நன்கொடை அல்ல, அவர்களை வரவேற்று நடத்தும் செலவுக்கே பயன்படும் வரை அதில் சிக்கல் இல்லை. அதற்குத் தனி ரசீதுப் புத்தகம் போடுங்கள். ஜி.எஸ்.டி. பதிவுள்ள நிறுவனம் என்றால் வெளியாரிடம் வாங்கும் கட்டணத்துக்கு வரி உண்டா என்பதை அழைப்பு அச்சாகும் முன் தணிக்கையாளரிடம் கேட்டுவிடுங்கள். ‘வரி தனி’ என்று பிறகு சொன்னால் யாரும் தர மாட்டார்கள். வெளிநாட்டுப் பேச்சாளருக்குச் சன்மானம் கொடுப்பதானாலும் வரிப் பிடித்தம் உண்டு, உறையில் வைத்துக் கொடுக்கிற வழக்கம் தணிக்கையில் நிற்காது.

தரமணி_வாசகர்

வியாழன், வெள்ளி கருத்தரங்கு என்றால் சுற்றுலா சனிக்கிழமை வரும், அது நல்லதே. எழும்பூர் அருங்காட்சியகமும் கோட்டை அருங்காட்சியகமும் வெள்ளிக்கிழமை விடுமுறை. புதன், வியாழன் கருத்தரங்கு வைத்துவிட்டு வெள்ளியன்று பேருந்தோடு போய் மூடிய கேட் முன்னால் நிற்பவர்கள் உண்டு. முட்டுக்காடு தட்சிணசித்ரா செவ்வாயன்று விடுமுறை.

ஆய்வாளர்கள் என்பதால் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கு அவர்கள் ஆசைப்படுவார்கள். அங்கே 20 பேர் திடுதிப்பென்று போய் நிற்க முடியாது. முன்கூட்டியே எழுதிக் கேட்டு இரண்டு குழுவாகப் பிரித்துக்கொண்டு போங்கள்.

மாமல்லபுரம் போவதானால் எல்லோரும் பாஸ்போர்ட் எடுத்து வரட்டும். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் வெளிநாட்டவருக்கு 600 ரூபாய், இந்தியருக்கு 40. இலங்கைக்காரருக்கு சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவர் என்பதால் அதே 40தான், ஆனால் பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் தருவார்கள். மலேசியா, சிங்கப்பூர்க்காரர்களுக்கு 600. வரவுசெலவில் இதை இப்போதே தனித்தனியாகப் போட்டுவிடுங்கள், டிக்கெட் கவுன்ட்டரில் நின்று பிரித்துக்கொண்டிருக்க வேண்டாம்.